பன்னிரண்டாவது ஜாக்கி

மத்தியானம் மூன்று மணிக்கு வீடு ஒரு சத்தம் போட்டது. பெரிய சத்தம் இல்லை. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த ஐந்து பேரும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வெளியே தவழ்ந்து வந்தார்கள். எதிர் வீட்டுச் சுவரோரம் படுக்கைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தவள் உதறுவதை நிறுத்தினாள்.

அது அவள் வீடு. ஒன்பது நாளாகத் தரையை விட்டு மூன்றடி மேலே நிற்கிறது. தெருவில் பழைய தாரின் மேல் புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. போன மழைக்கு மாமனாரின் கட்டிலுக்கு அடியில் தவளை குடித்தனம் வைத்தது. அதற்குப் பிறகுதான் அவள் கணவன் ஜாக்கி மேஸ்திரியைக் கூட்டி வந்தான். சுவர்களுக்கு அடியில் இரும்புச் சேனலைச் செருகி, சேனலுக்கு அடியில் திருகு ஜாக்கிகளை வைத்து, ஒரே நேரத்தில் எல்லாரும் கம்பியால் அவற்றைத் திருகி வீட்டைத் தூக்கினார்கள். டேங்கர் லாரி ஓட்டுகிற கணவன் நாலு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு வண்டி ஏறிவிட்டான். வீடு, அப்பா, மேஸ்திரி மூன்றையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

தெருவில் அவளுக்குச் சோப்பக்கா என்று பேர். இரண்டு லாட்ஜ்களின் படுக்கைவிரிப்பும் தலையணை உறையும் அவள் கையில்தான் வெளுக்கின்றன. விரலிடுக்குகள் வெந்து வெளுத்திருக்கும். கிட்டப் போனால் சோப்பு வாசனை அடிக்கும். அது அவளுக்கு மட்டும் தெரியாது.

மேஸ்திரி குனிந்து அடியில் பார்த்தார். ஒல்லி ஆள். ‘அரைச் சுத்து, அரைச் சுத்து’ என்று கூவிக் கூவி அவருக்கு அரைச்சுத்து என்றே பேர் நின்றுவிட்டது.

“எந்த மூலைடா?”

“பின்னால, பாத்ரூம் மூலை. பன்னெண்டாம் நம்பர் இறங்கிருக்கு மேஸ்திரி.”

“எவ்வளவு?”

“ரெண்டு விரக்கடை.”

“எவன்டா அதுக்குக் கட்டை வெச்சது? மாடு மேய்க்கப் போங்கடா.”

“நீங்கதான் வெச்சீங்க.”

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஏம்மா! யாரு கதவை வெளியே பூட்டினது? வெளையாடறீங்களா?”

மாமனாரின் குரல். மாமனாரைக் காலையில் எதிர் வீட்டுத் தையல்காரியின் அறையில் படுக்க வைத்திருந்தாள். வீடு ஜாக்கியில் இருக்கும்வரை உள்ளே யாரும் போகக்கூடாது என்பது மேஸ்திரியின் முதல் சட்டம். மனுஷன் சாப்பிட்ட கையோடு, எல்லாரும் கண்ணசந்த நேரத்தில், பலகை வழியாக ஏறிப் போய்த் தன் அறையில் தன் கட்டிலில் படுத்துவிட்டார். போதாததற்குத் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறார்.

அவள் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிக்குப் பின்னால் மாமனாரின் முகம் தெரிந்தது. ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு.

“மாமா, உள்ள எதுக்குப் போனீங்க?”

“தூக்கம் வந்துச்சு, போனேன். அந்தத் தையல் மிஷின் சத்தத்துல பொணம்தான் தூங்கும்.”

“தாழ்ப்பாளைத் திறங்க.”

“திறந்துட்டேம்மா. கதவு வரல. கல்லு மாதிரி நிக்குது.”

மேஸ்திரி பின்னால் வந்து நின்று ஜன்னலுக்கு மேலே பார்த்தார். சுவரில் புதுசாக ஒரு விரிசல் சாய்வாகப் போயிருந்தது.

“மூலை இறங்கினதுல நிலை சாஞ்சிருச்சு. கதவைக் கவ்விக்கிச்சு.”

“உடைச்சிடுங்கண்ணே. கதவுதானே.”

“தங்கச்சி, இப்ப அந்த நிலைதான் மேல இருக்கிற சுவரைத் தாங்கிட்டு நிக்குது. அதுல ஒரு அடி விழுந்தா மொத்தமும் பெரியவர் தலையில. ஜன்னல் கம்பியும் அப்படித்தான்.”

“அப்ப?”

“மூலையைத் தூக்கணும். பழைய மட்டத்துக்கு வந்தா கதவு தானா விடும்.”

மாமனார் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எடைமேடையில் முப்பது வருஷம் லாரி நிறுத்தவர். “நூத்திப் பத்து டன்,” என்றார். “நான் அன்னிக்கே சொன்னேன். இவரு எழுபதுன்னாரு.”

“பெரியவரே, கொஞ்சம் நடுவுல போய் உக்காருங்க.”

“என் வீட்டுல எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும்.”

தையல்காரி தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “ரயில் பாலத்துக்கு அடியில தண்ணி நிக்குதாம். அந்தப் பக்கம் மழை கொட்டித் தீர்த்துடுச்சாம். சுத்தி வர ஒரு மணி நேரம் ஆகும்ங்கறான்.”

அவள் வானத்தைப் பார்த்தாள். கூரைகளுக்கு மேல் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. காற்று நின்றுவிட்டது. கொடியில் விரிப்புகள் ஒட்டடை மாதிரி அசையாமல் தொங்கின.

“பின் சுவருக்கு மட்டும் பன்னெண்டு ஜாக்கி,” என்று மேஸ்திரி விரல் விட்டார். “பன்னெண்டும் ஒண்ணாச் சுத்தணும். நம்மகிட்ட அஞ்சு பேர். இன்னிக்குக் கல்லு வேலைதான்னு மத்தவனையெல்லாம் வேற எடத்துக்கு அனுப்பித் தொலைச்சேன். அஞ்சுல ரெண்டு பேரு ஹால்ல நிக்கணும், கதவு விட்டதும் பெரியவரைத் தூக்க. ஒம்பது பேர் வேணும். அதுவும் இப்ப வேணும்.”

தெருமுனையில் ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரிக்குக் கட்டை ஏற்றி வந்த லாரி பின்சக்கரத்தைச் சாக்கடையில் விட்டுக்கொண்டு தெருவை அடைத்திருந்தது. அரை மணி நேரமாக பஸ் டிரைவர் ஹாரன் அடித்து, திட்டி, அலுத்து, பீடி பற்றவைத்துவிட்டார். பயணிகள் இறங்கி நிழலுக்கு நின்றார்கள். அந்தரத்தில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் யார் கால்தான் சும்மா இருக்கும்? ஏற்கெனவே பாதிப் பேர் இங்கே வந்து நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி அவர்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணே. ஒண்ணு சொல்லணும்.”

“சீக்கிரம் சொல்லு.”

சொல்ல வந்ததை அவள் ஒன்பது நாளாகச் செய்துகொண்டிருந்தாள். வீட்டைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தார். லாட்ஜ்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஒரு வாரம் நின்றால் வேறு கையைப் பிடித்துக்கொள்வார்கள். விடியற்காலையில், ஜாக்கிக்காரர்கள் வருவதற்கு முன்னால், அவள் குழாயடியில் துவைத்தாள். துவைத்த தண்ணீரைப் பின் மூலையில் இருந்த பழைய குளியலறைக் குழியில் ஊற்றினாள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் குழிதான் குடித்தது. குழியிலிருந்து சாக்கடைக்கு ஒரு குழாய் போகிறது, தண்ணீர் போய்விடும் என்று இருந்தாள். சேனல் செருகப் பள்ளம் தோண்டியபோது அந்தக் குழாயை அறுத்துவிட்டார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஊற்றிய பிறகு தினமும் குழிக்கு மேல் பலகையைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடினாள் என்று அவர்களிடம் அவளும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது ஜாக்கியின் கட்டை அந்தக் குழியின் விளிம்பில் நின்றது.

அவள் சொல்லி முடித்தபோது மேஸ்திரியின் தாடை இறுகியிருந்தது.

“எவ்வளவு ஆழம்?”

“என் மாருக்கு வரும்.”

“தினமும் எத்தனை வாளி?”

“முப்பது. முப்பத்தஞ்சு.”

அவர் அவளை அடித்துவிடுவார் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேருந்துக் கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். ஜன்னலை ஒரு முறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இதை இப்ப எவன்கிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா ஒருத்தன் உள்ள வரமாட்டான். எட்டு, ஒம்பது சுத்துதான். அதுவரைக்கும் தாங்கும்.”

“தாங்குமா?”

“தாங்கணும்.”

அவள் தலையை ஆட்டினாள். அதை மட்டும் அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. வாயால் சரி என்று சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினாள்.

ஆள் சேர்க்க நேரமாகவில்லை. “உள்ள ஒரு வயசானவர் மாட்டிக்கிட்டாரு. ஒம்பது பேர் கை கொடுத்தாப் போதும்,” என்று மேஸ்திரி சொல்லி முடிப்பதற்குள் சிமென்ட் ஆலையில் வேலை முடிந்து திரும்பிய இருவர் புருவத்துத் தூசியோடு முன்னால் வந்தார்கள். ஒரு நர்ஸ் புடவையை இழுத்துச் செருகினாள். 

“நீ எதுக்கும்மா?” என்றார் ஒருவர்.

“நூறு கிலோ நோயாளியைத் தினமும் நான்தான் பொரட்டிப் போடறேன். நீங்க வேணா வந்து பாருங்க.”

கூட்டம் சிரித்தது. சிரித்ததில் இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்தவர் கையைத் தூக்கினார். “எனக்கு ஒரு கண்ணு போதும்ங்க. சுத்தறதுக்கு எதுக்கு ரெண்டு கண்ணு?” பேருந்துப் பக்கமிருந்து கடைசியாக யாரோ ஒருவர் வந்து வரிசையின் வாலில் நின்றார். ஒன்பது.

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க. உள்ள முட்டி போட்டுத்தான் போகணும்,” என்றார் மேஸ்திரி. “நான் ‘அரைச் சுத்து’ன்னு குரல் கொடுத்தா எல்லாரும் ஒண்ணா அரைச் சுத்து. கூட ஒரு நூல் வேண்டாம், குறைய ஒரு நூல் வேண்டாம். நான் சொல்லாமத் தொடாதீங்க. நான் சொல்லாமக் கம்பியை விடாதீங்க. மூணு, ஆறு, ஒம்பது, இந்த மூணு ஜாக்கியிலயும் என் ஆளுங்க. நடுவுல நீங்க. அவனைப் பாத்து நீங்க செய்யுங்க.”

பத்து, பதினொன்று, பன்னிரண்டில் பார்த்துச் செய்ய யாரும் இல்லை என்பதை அவள் கணக்குப் போட்டாள். மேஸ்திரியும் போட்டிருப்பார். அவர் கூவ வேண்டும். கூவுகிறவர் வெளியில்தான் நிற்க வேண்டும்.

கம்பி எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. வீட்டின் பக்கவாட்டில் குந்திக்கொண்டு, தவழ்ந்து போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கம்பியைக் கொடுத்தாள். கடைசிக் கம்பியை வாங்கிய கையில் கடிகாரம் கட்டிய தடம் வெளுப்பாகத் தெரிந்தது. 

“எந்தப் பக்கம் சுத்தணும்க்கா?”

“வலது பக்கம்,” என்றாள். இன்னொரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கை உள்ளே போய்விட்டது.

மேஸ்திரி ரசமட்டத்தைச் சேனல்மேல் வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

“அரைச் சுத்தேய்ய்!”

பன்னிரண்டு கம்பிகள் உராய்ந்து ஒரே ‘கர்ர்’ வந்தது. ஒன்று கொஞ்சம் பிந்தி வந்தது.

“யாருப்பா தூங்கறது? ஒண்ணா, ஒண்ணா! அரைச் சுத்தேய்ய்!”

மூன்றாவது சுற்றில் ஜன்னல் பக்கமிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே மாமனார் இருமினார். நாலாவதில் ஹாலில் நின்ற இருவரில் ஒருவன், “அசையுது மேஸ்திரி,” என்றான். மண்ணில் முதல் தூறல் விழுந்து புள்ளி புள்ளியாகக் குழித்தது. அவள் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண் மேலே காய்ந்து, நல்ல பிள்ளை மாதிரி கிடந்தது.

“அரைச் சுத்தேய்ய்!”

ஏழாவது சுற்றுக்குக் கதவு முனகியது. எட்டாவதில் விட்டது. ஹாலில் காலடிகள் தடதடத்தன. மாமனாரை மெத்தையோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பலகை வழியாக இறங்கி ஓடி வந்தார்கள்.

“என் கண்ணாடி! மேசைமேல கண்ணாடி இருக்குடா!”

“உசுரு இருக்கு, அதைப் பாருங்க பெரியவரே.”

கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலுக்கு அடியில் அவளுக்கு வேறொரு சத்தம் கேட்டது. குழிமேல் போட்ட பலகை முறிகிற சத்தம். அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி வாயைத் திறந்திருந்தார்; அடுத்த குரலுக்கு இழுத்த மூச்சு உள்ளேயே நின்றிருந்தது. வாயை மூடிக்கொண்டார். 

அடியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் மேஸ்திரியின் ஆட்கள் பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களைப் பார்த்து நர்ஸ், சிமென்ட்காரர்கள், பஞ்சு ஒட்டியவர், இன்னும் யார் யாரோ. முட்டியெல்லாம் மண். பிறகு பின் மூலை தொம்மென்று உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது. சேனலுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் நுரையோடு பீய்ச்சிக்கொண்டு வந்து எல்லார் காலையும் நனைத்தது. வீடு தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டது. விழவில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தையல்காரி பெரிய சட்டியில் டீ போட்டு எடுத்து வந்தாள். ஒரு பன் பாக்கெட்டைப் பிரித்தார்கள். பயணிகள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். சிமென்ட்காரர்கள் லாரியைத் தள்ளி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மாமனார் தையல்காரியின் பெஞ்சில் மெத்தையோடு சாய்ந்திருந்தார்.

“எழுபது டன்னா இருந்தா இப்படி உக்காருமா? நூத்திப் பத்து.”

“ஒத்துக்கறேங்க,” என்றார் மேஸ்திரி. அவர் டீயைக் குடிக்கவில்லை. கையில் வைத்திருந்தார்.

அவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. சொல்லப் போனால் குழியும் கூடவே வெளியே வந்துவிடும் போலிருந்தது. நர்ஸ் வந்து அவள் தோளில் கை வைத்தாள். “பயந்துட்டீங்க. உக்காருங்க.” அவள் உட்காரவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். தூறல் வலுத்தது. பேருந்து உறுமிக்கொண்டு நின்றது, கிளம்பவில்லை. கண்டக்டர் படியிலிருந்து இறங்கி, தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஒரு ஆள் குறையுதுங்க.”

“என்னது?” என்றார் மேஸ்திரி.

“நாப்பத்தி மூணு டிக்கெட்டு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். நாப்பத்தி ரெண்டு தலைதான் இருக்கு.”

“மழைக்கு முன்னாடி வீட்டுக்கு நடந்திருப்பான்யா,” என்று டிரைவர் ஜன்னல் வழியாகக் கத்தினார். “பஸ்ஸு நின்னா ஒருத்தன் ரெண்டு பேர் அப்படித்தான். நீ ஏறு.”

“யாருங்க அது? எப்படி இருப்பாரு?” என்று நர்ஸ் படியில் நின்று கேட்டாள்.

“பின் சீட்டுல உக்காந்திருந்தாரே,” என்றார் ஒருவர். “நீலச் சட்டை.”

“கட்டம் போட்ட சட்டைங்க.”

“வயசானவரா?”

“இல்ல, சின்ன வயசு. மீசை இருந்துச்சு.”

“மீசை இல்லீங்க.”

ஒருவர் சொன்னது போல் இன்னொருவர் சொல்லவில்லை. அடியில் பக்கத்தில் இருந்தது யார் என்று பதினொன்றாவது ஜாக்கியைச் சுற்றிய பஞ்சு ஒட்டியவரைக் கேட்டார்கள். “என் பஞ்சுப் பக்கம்ங்க அது,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்து, பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேஸ்திரி டீயைத் தரையில் ஊற்றினார். முகம் வெளுத்திருந்தது. 

“நான் சத்தத்தை நிறுத்தினா எங்க ஆளுங்க ஓடி வந்துடுவானுங்க,” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “ஓடுன்னு கத்தமாட்டேன். கத்தினா மிரண்டு ஜாக்கியை இடிச்சிடுவானுங்க. வாயை மூடிட்டா வெளிய வான்னு அர்த்தம். இருபது வருஷமா அப்படித்தான்.” எச்சிலை விழுங்கினார். “இவங்களுக்கு அதை நான் சொல்லல. விடாதன்னுதான் சொன்னேன்.”

அவளுக்கு அந்த முகம் ஞாபகமே இல்லை. கை ஞாபகம் இருந்தது.

“அந்த மூலையில ஒரு குழி இருக்கு,” என்றாள். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். “அங்க குழி இருக்கு! மாரளவு ஆழம். ஒம்பது நாளா நான்தான் அதுல துவைச்ச தண்ணியை ஊத்தினேன். உங்களை உள்ள விடறப்பவே எனக்குத் தெரியும்.”

பேருந்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிமென்ட்காரர் ஒருவர் அவளையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். “தெரிஞ்சேவா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். நர்ஸ் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோப்பக்காவின் தோளில் வைத்த கையை இப்போது முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, போகாத. அது இன்னும் இறங்கும்,” என்றார் மேஸ்திரி.

“குழி எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்,” என்றாள்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தவழ்ந்தாள். முதலில் மூன்றடி உயரம் இருந்தது. பிறகு இரண்டு. பிறகு முதுகில் இரும்பு உரசியது. மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் உள்ளே ஓடி வந்து, போகவேண்டிய இடம் தெரிந்தது மாதிரி அவளுக்கு முன்னால் மூலையை நோக்கிப் போனது. சோப்பு வாசனை அடித்தது. இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவளுக்கு அது தெரிந்தது.

சேனல் குழியின் குறுக்கே விழுந்து கிடந்தது. சேனலுக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதற்குள் தண்ணீர். தண்ணீருக்கு மேல் ஒரு தலை. தாடை வரைக்கும் நுரை.

“அண்ணே?”

தலை திரும்பியது. இளைஞன்தான். மீசை இருந்தது.

“அக்கா, பெரியவர் வெளிய வந்துட்டாரா?”

“வந்துட்டாரு.”

“நல்லது.” பல் கிட்டியது அவனுக்கு. “கால் எதுலயோ மாட்டியிருக்கு. வலி இல்ல. அடுத்த சுத்து எப்பச் சொல்வாங்க? நான் கம்பியை விடல.”

தண்ணீருக்குள் அவன் கை கம்பியைப் பிடித்திருப்பதை அவள் துழாவிக் கண்டுபிடித்தாள். விரல்கள் மரத்துப் போயிருந்தன. இடைவெளிக்குள் இன்னொரு கையை விட்டு அவன் தாடைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினாள். அதற்கு மேல் தனியாளாக அவளால் முடிகிற காரியம் அங்கே இல்லை. சேனலை அரை அடி தூக்கினால் ஆள் வெளியே வந்துவிடுவான். அதற்குப் பதினொரு ஜாக்கி சுற்ற வேண்டும். பதினொரு பேர் வேண்டும்.

கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தாள். வீட்டின் அடி விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம். அந்தக் கோட்டில் கால்கள் தெரிந்தன. செருப்புப் போட்ட கால்கள், போடாத கால்கள், புடவை நனைந்த கால்கள். வரிசையாக நின்றன. மழை அவற்றுக்கு முன்னால் விழுந்துகொண்டிருந்தது. எந்தக் காலும் அசையவில்லை. மேஸ்திரியின் குரலுக்குக் காது கொடுத்தாள். மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

தலைக்கு மேல் வீடு குச்சி ஒடிவது போல் ஒரு சத்தம் போட்டது. தண்ணீர் அவள் மணிக்கட்டைத் தாண்டியது.

“இன்னும் சொல்லலியாக்கா?” என்றான்.

“இப்பச் சொல்வாரு,” என்றாள். கையை எடுக்கவில்லை.

வரிசையில் ஒரு ஜோடி முட்டி மடங்கிச் சேற்றில் ஊன்றியது. யாருடையது என்று தெரியவில்லை.